ஜோடி இல்லாத கைகள்

“நீ படம் வரையறியா, நாடகம் போடறியா, தைக்கிறியா? கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?”

காலேஜ் முடித்த அன்று அம்மா கேட்டது. நியாயம்தானே? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சர், நர்ஸ் என்றால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நானோ எல்லாவற்றையும் கலந்துகட்டிச் செய்கிறவள்...

அம்மாவுக்குப் பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கும் வேலை. கையுறை கப்பல் ஏறிப் போகிறது. தைத்த கையை யார் பார்க்கிறார்கள்?

அங்கே வேலை செய்யும் பன்னிரண்டு அக்காக்களின் வலது கையைத் தாளில் வரைந்து, அதே அளவில் துண்டுத் தோலை வெட்டி, நானே தைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி ஸ்பீக்கர். அழுத்தினால் அந்த அக்கா தன் கதையைச் சொல்வார்.

அம்மா மட்டும் கை கொடுக்கவில்லை. “ஊசி குத்தின கையை எவன் பாப்பான்? போடி!”

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கயிறு கட்டிப் பன்னிரண்டையும் தொங்கவிட்டேன். ‘அழுத்திக் கேளுங்கள்’ என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். யார் படித்தார்கள்? நேராகக் கையில் மாட்டிப் பார்த்தார்கள்!

“இன்னாம்மா, எல்லாமே ரைட்டா கீது? லெஃப்ட் எங்க?” என்றார் ஒரு வெல்டிங்காரர்.

“அண்ணா, இது கலை...”

“இருக்கட்டும்மா. ஜோடி எடு.”

அவர் இழுத்த இழுப்பில் கட்டைவிரல் தையல் பிரிந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் — “நான் ரோசி பேசறேன்!” அண்ணன் அலறிப் பின்வாங்கி, பக்கத்துக் கடை பக்கெட் அடுக்கின் மேல் விழுந்தார்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, காய்கறிப் பையோடு வந்து நின்றாள்.

“கட்டைவிரல்ல ரெட்டைத் தையல் போடணும்னு தெரியாது? மானத்தை வாங்கறியே!”

ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். என்னிடம் ஊசியை வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். ரோசி அக்காவின் குரல், “நான்தான் எல்லாரையும்விட வேகமா தைப்பேன்” என்றது. “புளுகறா பாருங்க!” என்று அம்மா கையுறையோடு சண்டைக்குப் போனாள். சந்தையே கூடிச் சிரித்தது. தையல், நாடகம் எல்லாம் ஒன்றாக... இதைத்தானே நான் இத்தனை நாளாகச் செய்கிறேன்?

கூட்டம் கலைந்ததும் அம்மா தாளை இழுத்துத் தன் கையை விரித்து வைத்தாள்.

“எங்க போனாலும் கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை மட்டும்தான் கேப்பாங்க. முழுக் கையும் கேட்டவ நீ ஒருத்திதான். வரை.”

வரைந்தேன். பாதி வரைந்த பிறகுதான் கவனித்தேன் — அது இடது கை.

“அந்தத் தம்பி லெஃப்ட் கேட்டாரில்ல?”

அடுத்து, படப்பைச் சந்தையில் கையுறைகளைத் தொங்கவிட இடம் வாங்கியாகிவிட்டது. நோட்டீசும் அடித்தாயிற்று. ‘கலைஞர்கள்’ என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் — முதலில் அம்மா!