மெர்சியின் இடது முழங்கால்

1. பெஞ்சிலிருந்து பத்துக் குதி

"அடிபட்ட பொறகு வாங்கம்மா. இப்பத்தான் எம்புள்ளைக எல்லாம் நல்லா இருக்குதுகளே?"

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியின் வாலிபால் அணிக்குப் பிசியோதெரபிஸ்டாகப் போன முதல் நாள், கோச் தங்கராஜ் சார் என்னிடம் இப்படித்தான் கேட்டார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. வலித்தால் ஸ்பிரே, வீங்கினால் கட்டு. உடம்பு அசையும் விதத்தை வைத்து, எங்கே அடிபட வாய்ப்பு என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றால் கைரேகை பார்ப்பவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

பன்னிரண்டு பேரையும் வெறுங்காலோடு நிற்கவைத்தேன். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒரு காலை முன்னால் வைத்து மடங்கும் லன்ஜ், ஒற்றைக்கால் ஸ்குவாட், கடைசியாகப் பெஞ்சிலிருந்து குதித்து உடனே மேலே எம்புவது. பதினோரு பேர் பரவாயில்லை. ஆத்தூரிலிருந்து வந்த மெர்சிக்கு மட்டும், தரையில் இறங்கும்போதெல்லாம் இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. அணியில் அவள்தான் பெரிய ஸ்மாஷர். பத்து நாளில் மதுரையில் போட்டி.

"இப்படியே எறங்குனா முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிரலாம். ஆறு வாரம் மேட்ச் வேண்டாம்" என்றேன்.

கோச்சுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, வலிக்குதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சா?"

மெர்சி அழுதேவிட்டாள். "எனக்கு ஒண்ணுமே செய்யல மேடம். இதுல ஆடுனாத்தான் ஸ்டேட் செலக்‌ஷனுக்குக் கூப்புடுவாங்க."

அவள் முழங்கால் சில்லில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அவளைப் பெஞ்சிலிருந்து பத்து முறை குதிக்கச் சொல்லிவிட்டு, கோச்சை எதிரே உட்காரச் சொன்னேன். "செத்த நேரம் இந்தப் புள்ளிய மட்டும் பாருங்க சார்."

மூன்றாவது குதி வரை அவர் காலாட்டிக்கொண்டிருந்தார். ஆறாவதில் அவர் கால் ஆட்டம் நின்றது. பத்தாவதில் அவள் முழங்கால் புள்ளி, கால் பெருவிரலையும் தாண்டி உள்ளே போனது.

"போதும் தாயி, எறங்கு" என்றார். பிறகு என்னிடம், "இம்புட்டு நாளா இவ கைய மட்டும்தாம்மா பாத்துருக்கேன்."

2. ஆறு வாரம்

அவள் ஆடாத அந்தப் போட்டியில் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒருத்தியும் உட்காரவில்லை. தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால் மெர்சி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். "இன்னைக்கு எத்தன செட்டு மேடம்?" தொடைகளைச் சுற்றிச் சைக்கிள் டியூபைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். ஒற்றைக்காலில் நின்றாள். சத்தமில்லாமல் தரையில் இறங்கப் பழகினாள். ஒரு நாளும் தவறவில்லை.

ஆறாவது வாரம் முழங்கால் நேராக இறங்கியது. அடுத்த சீசனில் ஒரு மேட்ச் விடாமல் ஆடினாள். ஸ்டேட் டீமிலும் எடுத்தார்கள். செய்தியைச் சொல்ல மைதானத்தின் குறுக்கே அவள் என்னை நோக்கி ஓடிவந்தபோதும் நான் அந்தக் காலைத்தான் பார்த்தேன்.

அன்று தடுக்காவிட்டால் அந்த ஜவ்வு, லிகமென்ட், கிழிந்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நடக்காமல் போன ஒன்றுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை மறுபடி ஆடும்வரை கூடவே நில்லுங்கள். நான் நின்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.