டாக்டர் அப்பாவையும் வரச் சொன்னார்

நாங்கள் திருவையாறு பக்கம். ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகளுக்குக் கவனக்குறைபாடு இருக்குமோ என்று தஞ்சாவூர் டாக்டரிடம் போனோம். "ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விட்டுடுறாளா?" என்று அவர் கேட்டதும், என் கணவர் முந்திக்கொண்டு, "ஆமாங்க, நானும் அப்படித்தான்" என்றார். மகள் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை, அவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். சில வாரங்கள் பரிசோதித்த பிறகு, இருவருக்குமே ஏ.டி.எச்.டி. என்கிற அந்தக் கவனக்குறைபாடு இருக்கிறது என்றார். பொறுப்பில்லாதவர் என்றே பெயர் வாங்கியிருந்த மனிதர், திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கான புது விதிமுறைகள் குறித்து அப்போது அரசாங்கத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். "பிள்ளைக்கு இருந்தா பெத்தவங்களையும் பாக்கணும்னு நான் எழுதுறேன்" என்று என் கணவர் ஆசையாக உட்கார்ந்தார். கடைசி நாள் சாயங்காலம் பார்த்தால், பாதியில் விட்டுவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார்! நானும் மகளும் வயலுக்கே ஓடினோம். வரப்பில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, மகள் போனில் தட்டினாள்.

"அவ்வளவுதானாப்பா? அனுப்பிடவா?"

"இன்னும் ஒரு வரிம்மா. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா நாங்களும் முடிச்சிடுவோம்னு போடு."

இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டோம்.

இப்போதெல்லாம் நான் அவருக்கு ஒரு வேலையை நினைவூட்டிவிட்டு நகர்ந்து போவதில்லை. காபியோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.