ராகு காலத்துக்கு முன் மாட்டிய மதர்போர்டு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற ஆள் நான் ஒருத்திதான். மன்னார்புரத்தில் மெடிக்கல் கோடிங் ஆபீஸ். நாள் முழுக்க எந்த ஊர் நோயாளிக்கோ வந்த வியாதிக்கு நம்பர் போட்டுவிட்டு, திருவானைக்காவல் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் விளையாடினால்தான் எனக்கு மூச்சு வரும். "இந்த வயசுல என்னடி விளையாட்டு" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் எனக்குக் கூட்டாளி கிடைத்தார்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம். சர்வீஸ் முழுக்க நின்றே கழித்த மனுஷன். ரிட்டயர் ஆகிக் கொஞ்ச நாளில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரியும். ஆனால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை அவருக்கு. நாற்காலியில் உட்கார வைத்தால் காலண்டரைப் பார்த்தபடி இருப்பார். "கைக்கு ஏதாவது வேலை குடுங்க, இப்படியே விட்டா வராது" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

வேறு வழி தெரியாமல் என்னிடமிருந்த ஊர் கட்டும் கேமைப் போட்டு, இடது கையில் மவுஸைக் கொடுத்தேன். ரோடு போடலாம், வீடு கட்டலாம், தண்ணீர் குழாய் இழுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அசையவில்லை. பஸ் ரூட் விடலாம் என்று காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். அதன் பிறகு என் கம்ப்யூட்டர் எனக்கில்லை. ஒரு ஆறு, நடுவில் தீவு, இரண்டு பக்கமும் பாலம் என்று ஊர் வளர்ந்தது. "அந்த ஸ்டாப்புல கூட்டம் நிக்குது பாரும்மா, பீக் அவர்ல ஒரே வண்டி விட்டா எப்படி?" என்று ஆபீஸிலிருந்து வந்தவளிடம் குறை சொல்லுவார். ஆட்டத்தை நிறுத்தவும் ஓட்டவும் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். அதை வலது கையால்தான் தட்டணும் என்று நான் சட்டம் போட்டேன். முதலில் இடது கையால் வலது கையைத் தூக்கி வைத்தார். போகப் போக விரல் தானாக அழுத்தியது. "எந்த மருந்துங்க இது?" என்று பிசியோதெரபிஸ்ட்டே கேட்டார்.

ஊர் பெரிதாகப் பெரிதாக என் பழைய கம்ப்யூட்டர் திணறியது. பஸ் பாலத்தில் ஏறினால் நின்று நின்று போகும். "வண்டி இழுக்கலம்மா" என்பார் அப்பா. சரி, மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றிவிடுவோம் என்று தில்லை நகரில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். "ரேம் விக்கிற விலைக்கு நீங்க பேசாம ஒரு தோடு வாங்கிடலாம்க்கா" என்றார் கடைக்காரர். பழைய போர்டையும் பிராசசரையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னதால் துணிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே பிரித்து மாட்ட உட்கார்ந்தேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். "நாலரைக்கு ராகு காலம். புதுசை அதுக்குள்ள ஆன் பண்ணிடு. அப்பா கை வைக்கிற சாமான்." கேபினட்டில் வைக்கச் சந்தனமும் குங்குமமும் கிண்ணத்தில் தயார். இதில் அம்மாவிடம் வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் கிடையாது. அந்த கேம் ஒரு கம்ப்யூட்டரில் பதிந்தால் பதிந்ததுதான்; மதர்போர்டு மாறினாலே அதன் கணக்கில் அது வேறு கம்ப்யூட்டர். வேறு ஒன்றுக்குப் போகுமுன் பழையதிலேயே உட்கார்ந்து பதிவை நீக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஞாபகம் இருந்தது. நாலரைக்குள் முடிக்கிற அவசரத்தில், அப்புறம் நெட்டில் செய்துகொள்ளலாம், மற்ற கேமெல்லாம் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். நாலேகாலுக்குப் புது போர்டில் விளக்கு எரிந்தது. அம்மா பொட்டு வைத்தாள். மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் பழைய போர்டைக் கடையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் விண்டோஸ் எல்லாம் ஏற்றி, அப்பாவின் ஊரைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்த டிஸ்க்கை மாட்டி, கேமைத் திறந்தால், இந்தப் பிரதி வேறு கம்ப்யூட்டருக்கு உரியது என்று வந்து நின்றது. கம்பெனிக்கு மெயில் போட்டேன். இரண்டு நாள் கழித்துத் தேனொழுகப் பதில் வந்தது. அந்த கேமை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பதிவு செய்யும் சேவையையும் மூடிவிட்டார்களாம். ஏற்கெனவே பதிந்த கம்ப்யூட்டரில் தாராளமாகத் தொடரலாமாம். நான் வாங்கியது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்று நினைவூட்டினார்கள். இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, உங்களுக்குத் தள்ளுபடி உண்டு என்று முடித்திருந்தார்கள். பழைய ஊரை அதில் திறக்க முடியாது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சின்னக்கடைத் தெருவில் ஒரு குடம் வாங்கிப் பேர் வெட்டிக்கொண்டு வருகிறோம். கடையை மூடிவிட்டான் என்பதற்காக அடுப்படியில் இருக்கிற குடம் காணாமல் போகுமா? வாங்கும்போது பட்டனில் 'வாங்கு' என்றுதானே எழுதியிருந்தான்? 'நான் சொல்கிற வரைக்கும் வைத்துக்கொள்' என்று எழுதியிருந்தால் நானும் யோசித்திருப்பேன். காசு கட்டிப் பார்க்கிற ஆப்பில் பாதி பார்த்த சீரியல் மாயமாகிறது. காசு கொடுத்து இறக்கிய பாட்டு ஒருநாள் சாம்பல் நிறத்துக்கு மாறி, தொட்டால் பாடுவதில்லை. கேட்டால் யாரும் படிக்காத விதிமுறையில் இருபதாவது பக்கத்தைக் காட்டுகிறான். நல்லா இருக்கு நியாயம்.

கடைக்கு ஓடினேன். போர்டு கை மாறி, கரூர்ப் பக்கம் யாருக்கோ போய்விட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "பரவால்லம்மா, விடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிவிட்டார். பந்தை அழுத்தும் பயிற்சிக்குக் கையே நீட்டவில்லை. வேறு கேம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரம் வந்த பிசியோதெரபிஸ்ட், விரல் மறுபடி இறுகுகிறது, இப்படியே போனால் கஷ்டம் என்றார். அம்மா ராகு காலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

கடைக்காரர் போன் செய்தார். "கிராக் வெர்ஷன் இருக்குக்கா. பதிவே கேக்காது. பென் டிரைவ்ல போட்டுத் தரேன்." அவரிடம் வருஷக் கணக்காகச் சண்டை போட்டவள் நான். திருட்டு கேம் விற்காதீங்க, அதைச் செய்தவன் வயிற்றில் அடிக்காதீங்க என்று அவர் கடையில் நின்றே பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தும் போய் வாங்கி வந்த பென் டிரைவைப் பையிலேயே வைத்திருந்தேன். அப்பா எப்படிப்பட்டவர் என்று ஸ்ரீரங்கம் ரூட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா ஏறினால் அம்மாவுக்கும் டிக்கெட் கிழிப்பார். அவருக்குத் தெரியாமல் திருட்டுக் காப்பியைப் போட்டு முன்னால் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

அப்பா காலண்டரிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ காசு குடுத்துத்தானே வாங்கின?"

"ஆமாப்பா. முழு விலை."

"டிக்கெட் எடுத்தவனை நடுப்பாலத்துல இறக்கி விட்டுட்டு வண்டி போயிடுச்சு. அவன் அடுத்த வண்டில தொத்தி ஏறிட்டான். அவனை வித்தவுட்னு பிடிக்கலாமா?"

"கூடாதுப்பா."

"அப்பப் போடு."

வைரஸ் பயத்தில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். ஊர் திறந்தது. புது பிராசசரில் பஸ்கள் பாலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயின. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். அப்பா மவுஸைத் தொடவில்லை. "வாங்கின பில்லு இருக்கா?" என்றார். மெயிலில் இருக்கிறது என்றேன். "பேப்பர்ல எடுத்துட்டு வா."

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். இடது கையால் தொடைமேல் வைத்து மடிக்கப் பார்த்தார், முடியவில்லை; நான் மடித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "செக்கிங் யாராவது வந்தா காட்டணும்ல" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது தினமும் விளையாடுகிறார். விரல் தேறி வருகிறது. காலையில் சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தக் காகிதத்தையும் மறக்காமல் மாற்றிக்கொள்கிறார். ஒரு ஆளைக்கூட ஓசியில் ஏற்றாத மனுஷன், காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தொட, யாராவது வந்து கேட்பார்களோ என்று வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.