பதினோராம் நம்பர் நாத்தனார்

விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் தண்ணிக்காரி என்றால் அவள் ஒருத்திதான். காட்டாமணக்கு வயலுக்கு ஏழு வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள். ஆள் குள்ளம், நடை வேகம், வாய் அதைவிட வேகம். எழுத்து தெரியாது. எண் தெரியும், நூறு வரைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை என்பாள்.

காட்டாமணக்குக் கொட்டையை ஆட்டி, எண்ணெயை டீசலாக்கிப் பண்ணை டிராக்டருக்கு ஊற்றுவார்கள். டிராக்டர் ஓட்டுகிறவன் அவள் புருஷன். "நான் பாடுபட்டு வளர்க்கிறேன், நீ உட்கார்ந்து குடிக்கிறே" என்று வண்டியைப் பார்த்துத்தான் சொல்வாள். சுருக்கென்று தைப்பது அவனுக்கு.

வயலில் இருபத்து நாலு வரிசை. எது வறட்சி தாங்கும், எது எண்ணெய் தரும் என்று பார்க்க, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து கொண்டுவந்து நட்ட குச்சி. வரிசைத் தலைப்பில் நம்பர் போட்ட தகரத் தகடு. அந்த நம்பராவது ஒழுங்காக இருந்ததா? ஒன்றுக்குப் பக்கத்தில் பதினேழு, அதற்கடுத்து நாலு. குலுக்கிப் போட்டுத்தான் நட வேண்டுமாம், படித்தவர்கள் வழக்கம்.

வெறும் நம்பர் அவள் மண்டையில் நிற்கவில்லை. சொந்தக்காரர்களாக இருந்தால் நிற்கும். அதனால் நாலு அவளுக்கு மாமனார்: விறைப்பாக நிற்கும், நிழல் தராது. ஒன்பது சின்ன மாமியார்: லேசாகத் தொட்டாலும் பால் வடித்துத் துணியைக் கறையாக்கும். பதினேழு அவள் அம்மா: எப்போது போனாலும் ரெண்டு காய் எடுத்து வைத்திருக்கும். பதினொன்று நாத்தனார்: இலை இலையாய்த் தழைக்கும், காயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாத்தனாரும் அதே வயலில் களை எடுக்கிறவள். அதனால் இதெல்லாம் பல்லுக்கு உள்ளேயே இருந்தது.

பிறகு கிணற்றில் மோட்டார் போட்டு, அதற்கு சோலார் பலகை வைக்க ஆட்கள் வந்தார்கள். குடத்துக்கு விடுதலை. ஆனால் குழாய் புதைக்க இடைஞ்சல் என்று இருபத்து நாலு தகட்டையும் பிடுங்கி, மண் துடைத்து, மரத்தடியில் அழகாக அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்!

ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நட்ட காலத்து வரைபடம் போன மழையில் கூரை ஒழுகிக் கூழாகியிருந்தது.

"எது எந்த நம்பர்னு தெரியலைன்னா, மொத்தத்தையும் பிடுங்கச் சொல்லிடுவாங்க."

தண்ணிக்காரி முன்னால் வந்தாள். "அப்போ ஏழு வருஷத் தண்ணியும் மண்ணோட போச்சா?"

"தண்ணி மண்ணோடதானே போகும்" என்றான் புருஷன். அவள் பார்த்த பார்வையில் டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"தகட்டைக் கொடுங்கம்மா. எனக்குத் தெரியும்."

"சும்மா நட்டா போதாது. ஒவ்வொரு வரிசையோட குணத்தையும் சொல்லுங்க. விளைச்சல் நோட்டுல சரிபார்க்கிறேன். ஒண்ணு தப்பினாலும் எதையும் நம்ப முடியாது."

பண்ணையே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. மாமனார், சின்ன மாமியார் என்று ஒவ்வொருவராக நின்ற இடத்தைக் காட்டினாள். நோட்டும் ஆமாம் ஆமாம் என்றது. கூட்டத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினொன்றில் வந்து தகட்டை நட்டாள். எதிரே நாத்தனார், களைக்கொத்தை இடுப்பில் ஊன்றிக்கொண்டு.

"குணம்?"

"நல்ல செடிம்மா."

"நோட்டு அப்படிச் சொல்லலையே." ஆபீசரம்மா பேனாவை மூடினாள்.

"சொல்லேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "இது யாரு?"

மென்று விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. "இது நாத்தனார். இலை ரொம்ப. காய் கஞ்சம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆபீசரம்மா பக்கத்தைப் புரட்டினாள். "ஏழு வருஷமும் கடைசி. சரிதான்."

"இன்னொண்ணும் எழுதிக்குங்கம்மா" என்றாள் தண்ணிக்காரி, தகட்டைப் பார்த்துக்கொண்டே. "மழையே இல்லாத அந்த வருஷம் எல்லாச் செடியும் இலையை உதிர்த்துட்டு மொட்டையா நின்னுச்சு. இது ஒண்ணுதான் பச்சையா நின்னுச்சு. குடத்தை இறக்கிவெச்சுட்டு நான் உட்கார்ந்தது இதோட நிழல்லதான்."

நோட்டில் இல்லாத அதை ஆபீசரம்மா எழுதிக்கொண்டாள். வயல் தப்பித்தது. நாத்தனார்தான் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் பார்த்தால், பதினோராம் வரிசையில் குந்திக்கொண்டு கூடை எருவை வேருக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"உன் வாயை அடைக்கிறேன் அண்ணி. இந்த வருஷம் காய்ப்பைப் பாரு."

"அடிப் பாவி, ஒரு வரிசைக்கு மட்டும் எரு வெச்சா ஆபீசரம்மா ஆராய்ச்சியே கெட்டுப்போகும்டி!"

ரெண்டு பேரும் உட்கார்ந்து வைத்த எருவைக் கையால் வாரிக் கூடையில் திரும்பப் போட்டார்கள். பாதியில் நாத்தனார் கேட்டாள்: "சொந்தக்காரங்க எல்லாரையும் வெயில்ல நிறுத்தியிருக்கே. நீ எந்த நம்பரு?"

"நானா? நான் தண்ணிக்காரி. எனக்கேது நம்பரு?"

"நீயும் இங்கே இருக்கியே!" நாத்தனார் வரப்பைக் காட்டினாள். அங்கே குட்டையாக ஒரு முள்செடி. "யாரும் நடலை, நம்பரும் இல்லை. ஆனா போறவ வர்றவ துணியை இழுக்காம விடாது."

தண்ணிக்காரி சிரித்த சிரிப்பில் எருக்கூடை கவிழ்ந்தது.

நாத்தனார் கை பட்ட வயலில் ஒரு புல் மிஞ்சாது என்று பெயர். அந்த முள்செடியை மட்டும் அவள் இன்றுவரை பிடுங்கவில்லை.