அழக் கூடாத வீடு

தூக்கமே வருவதில்லை என்று இன்று பொன்னேரியில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தேன். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "மனசு விட்டு அழுதுடுங்கம்மா" என்றார்.

அழுகை வரவில்லை.

எண்பதுகளில், கடலுக்குப் போன அப்பா, எங்கள் நைனா, திரும்பாதபோது, மீனவர் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் அம்மா எங்கள் வாயைப் பொத்தினாள். "அவரு வர்ற வரிக்கும் யாரும் அழக் கூடாது. அழுதா, செத்துட்டாருன்னு நாமளே ஒத்துக்கின மாதிரி."

நைனா வரவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அந்தத் தடையை யாரும் நீக்கவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து, ஆலோசகர் அழச் சொன்னதைச் சொன்னேன். பதறிவிட்டாள்.

"இன்னாடி, அழுதுட்டியா?"

"இல்லமா."

"அப்பாடா" என்றாள்.

ஆலோசகர் அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். நான் போவதா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதா, நீங்களே சொல்லுங்கள்.