பம்ப் ஸ்டவ் சத்தம்

தென் துருவத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த மனிதர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. நேரில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இப்போது அவ்வளவு கோபம் இல்லை. அதற்குக் காரணம் ஒரு நாய்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. ஐஸ்கிரீம், மீன், பட்டாணி எல்லாம் மைனஸ் இருபதில் கிடக்கும். பஞ்சு வைத்த ஜாக்கெட், குல்லா, இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு 'துருவத்துக்குப் போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே போவோம். வெளியே வந்தால் மண்டையைப் பிளக்கும் வெயில். அந்தப் பேச்சு வாயில் ஊறிப்போனதால்தான், படப்பை பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த துருவப் பயணப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டதும் எடுத்து வந்தேன். பிரேக்கில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன்.

தென் துருவத்தை நோக்கிய கடைசிப் பயணத்துக்கு ஐம்பத்திரண்டு நாய்கள் வண்டி இழுத்துக்கொண்டு கிளம்பின. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. எது சோம்பேறி, எது திருட்டு நாய் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மலை ஏறி முடிந்ததும் பாதிக்குமேல் சுட்டுவிடுவது என்று கிளம்பும் முன்பே முடிவு. சுட்டதை மற்ற நாய்களும் தின்றன, மனிதர்களும் தின்றார்கள். திரும்பி வந்தவை பதினொன்று. சுடுகிற நேரத்தில் தலைவர், அதான் நான் சொன்ன அந்த மனிதர், கூடாரத்துக்குள் சமையலில் இருந்தார். வெளியே துப்பாக்கி வெடிப்பது காதில் விழக்கூடாது என்று பம்ப் ஸ்டவ்வுக்கு வேகவேகமாகக் காற்றடித்தாராம்.

எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்: "கேட்டியா இந்த அநியாயத்த? சுடச் சொன்னதும் அந்த ஆளு, காதப் பொத்திக்கினதும் அந்த ஆளு. செய்யறதுதான் செஞ்ச, வெளிய வந்து பாக்கறதுக்கு இன்னா?"

"உடு, செத்துப்போன ஆளாண்ட இன்னா சண்ட?" என்றார் அவர். கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை அவருக்கு. அவ்வளவு சீக்கிரம் கோபப்படமாட்டார்.

அந்தப் புத்தகத்தை முடித்த வாரம்தான் அந்த நாய் வந்தது. எங்கள் கிடங்கில் லாரிகள் வந்து நிற்கும் பக்கத்து ஷட்டருக்கு அடியில் ஒரு விரல் இடுக்கு உண்டு. குளிர் அதன் வழியே கசியும். ஒரு கோடைக் காலையில் ஷிப்டுக்குப் போனால், அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு ஹஸ்கி படுத்திருக்கிறது. பனி நாட்டில் வண்டி இழுக்கிற அதே ஜாதி. சாம்பலும் வெள்ளையுமாகப் புசுபுசுவென்று முடி, நீலக் கண். ஏதோ அடுக்குமாடியில் வளர்த்தவர்கள் மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனார்களாம், செக்யூரிட்டி சொன்னார். பாவிகள்!

தின்கிற பொருள் வைக்கிற இடத்தில் நாய் நிற்கக்கூடாது, மாலைக்குள் துரத்தியாக வேண்டும் என்றார் சூப்பர்வைசர்.

"எங்க சார் போவும் அது?"

"அது உன் பிரச்சினையா?"

"ஆமா, என் பிரச்சினதான்" என்று வாய் முந்திக்கொண்டது. ஷேர் ஆட்டோக்காரரைக் கெஞ்சி அதை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கு வந்து சேர்ந்தேன். கணவர் வாசலில் நின்று நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாடி, ஐஸ்கிரீம் எடுத்தாருவன்னு பாத்தா கரடிய இட்டாந்துகீற?"

பேர் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பேர் வைத்தவர்கள் செய்ததைத்தான் படித்திருந்தேனே. மறுநாள் காலையில் அவர் கேட்கிறார்: "தொர எழுந்துட்டாரா?"

"பேர் வெக்காதன்னேன்ல?"

"இது பேர் இல்லடி, மரியாத. கண்ணப் பாரு, வெள்ளக்காரத் தொரயேதான்."

நான் பேர் சொல்லாமல் 'தே, வா' என்றுதான் கூப்பிடுவேன்.

தண்ணீர் கேன் கொண்டுவர அவர் சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டையில் நாலு சக்கரம் மாட்டி ஒரு வண்டி செய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிக்கப் போனபோது, ஓடிவிடாமல் இருக்கட்டும் என்று நாயின் கயிற்றை அந்த வண்டியில் கட்டினேன். இரண்டு கேனை வைத்ததுதான் தாமதம், இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது பாருங்கள்! உட்கார் என்றால் உட்காராது, வா என்றால் வராது. ஆனால் கயிற்றில் பாரம் இழுபட்டதும் தலையைத் தாழ்த்தி, தெருவில் நேராக எங்கள் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது. ஒரு கேன்கூடச் சாயவில்லை. தெருவே சிரித்தது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அதுதான் தண்ணீர் கொண்டுவந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் கோடையை ஈரச்சாக்கும் டேபிள் ஃபேனும் வைத்து ஓட்டிவிட்டோம். எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டாம் வருஷம் கத்திரி வெயில் தொடங்கும் முன்பே மயங்கி விழுந்தது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு மாட்டு டாக்டர் சொன்னார்: "இந்தத் தடவ பொழச்சிச்சும்மா. இனிமே இங்க தாங்காது. குளிர் ஊர்ல யாராவது இருந்தா குடுத்துடுங்க."

மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் கிடங்குக்குக் கேரட் கொண்டுவரும் டிரைவர் கோத்தகிரிக்காரர். தானே வளர்ப்பதாகச் சொன்னார். கட்டிப்போடுவீர்களா, அடிப்பீர்களா, வீட்டில் யார் யார் என்று அவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். "எங்க வீட்ல கம்பளி இல்லாம தூங்க முடியாதுங்க அக்கா. அதுக்கு நல்லா இருக்கும்" என்றார்.

காலை ஆறு மணிக்கு லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் வெளியே வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். அது ஊளையிட்டால் ஊருக்கே கேட்கும். என்னால் தாங்க முடியாது. கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். நான் தேங்காயை மிக்சியில் போட்டு மூன்றில் வைத்தேன்.

சட்னி எப்போதோ அரைந்துவிட்டது. நிறுத்தவில்லை. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கூடாரமும் ஸ்டவ்வும் ஞாபகத்துக்கு வந்தன. அட ஆண்டவனே, நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. அழுதேன்.

அவர் வெறும் கயிற்றோடு திரும்பி வந்தபோது மிக்சி சூடேறி நாற்றமடித்தது.

"ரொம்ப ஊளையிட்டுச்சா?" என்று கேட்டேன்.

"கத்தவே இல்லடி. லாரில ஏறி உக்காந்துகினு நம்ம வூட்டயே பாத்துகினு இருந்துச்சு, நீ வருவன்னு. டிரைவருகூட கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு. உன்ன ரெண்டு வாட்டி கூப்ட்டேன். இந்தச் சத்தத்துல உனுக்குக் கேக்கல."

அடுத்த வாரம் டிரைவர் ஊரிலிருந்து போன் செய்தார். நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, குளிர்ந்த புல்லில் புரளுகிறது, விறகு வண்டி இழுக்கிறது என்றார். போனை அதன் காதில் வைக்கச் சொன்னேன்.

"தொர" என்றேன்.

அது ஊளையிட்டது. ஸ்பீக்கரில் போட்டு, அது முடிக்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.