பொக்கெட்டில் கைவிட்டு நின்ற ஆறடி மனைவி

என் மனைவி ஆறடி உயரத்தில், நைட்டி அணிந்து, ஒரு கையைப் பொக்கெட்டுக்குள் விட்டபடி வெள்ளவத்தையில் நிற்கப்போகிறாள் என்று அறிந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டும் ருசிக்கவில்லை.

ஆள் உண்மையில் ஐந்தடி சொச்சம்தான். ஆறடி என்பது அவள் படம் போட்ட விளம்பரப் பெனர்.

எல்லாம் அந்தப் பொக்கெட்டில் தொடங்கியது. வீட்டில் நைட்டியோடு திரிகிற பெண்களுக்குப் போனை வைக்க இடமில்லை, கதவுத் திறப்பை வைக்க இடமில்லை, பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் சில்லறையோடு ஓடக் கை காணாது. இதை எத்தனையோ பேர் எத்தனையோ வருடங்களாகப் பொறுத்துக்கொண்டிருக்க, என் மனைவி மட்டும் ஒரு நாள் தன் நைட்டியைக் கழற்றித் தையல் மெஷினில் போட்டு, ஆழமான ஒரு பொக்கெட்டை வைத்தாள். மேல்மாடிக்காரி பார்த்துத் தனக்கும் கேட்டாள். பிறகு மேல்மாடிக்காரியின் தங்கை. பிறகு புறக்கோட்டையிலிருந்து துணி கட்டுக் கட்டாக வந்து எங்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டது. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகினேன்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. தைப்பது வீட்டுக்குள்தானே. ஆனால் அவள் தன் தையலுக்கு ஒரு முகம் வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். மாம்பழ மஞ்சள், கடும் நீலம், இந்த இரண்டு நிறம்தான் இனி லேபலுக்கும் பைக்கும். லோகோ ஒரு பொக்கெட், அதற்குள் ஒரு கை. ஒரு வாரம் கடதாசியில் கீறிக் கீறிக் கிழித்து, கடைசியில் ஒரே கோட்டில் அதைக் கீறிவிட்டாள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை. லட்சுமி தாமரையில் இருக்கிற மாதிரிப் போட்டால் விசேஷமாக இருக்குமே என்றேன். லட்சுமி நைட்டி போடமாட்டா என்று பதில் வந்தது.

முகம் என்றால் தன் முகத்தையே சொல்கிறாள் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. நைட்டிப் பைக்கற்றுகளில் யாரோ ஒரு வடஇந்தியப் பெண் கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாளே, அந்த மாதிரி ஒரு படத்தைப் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பிளைக்கு என்ர பொக்கெட் எந்தப் பக்கம் இருக்குதெண்டு தெரியுமா?" என்று கேட்டாள்.

படம் எடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அது அவள் பிறந்த இடம். அங்கே போனால் அவளுக்குக் குரல் ஒரு பங்கு கூடும், எனக்கு ஒரு பங்கு குறையும். ஸ்டூடியோ சுவர் முழுக்கச் செத்தவர்களின் பெரிதாக்கிய படங்கள். படம் பிடிக்கிறவர் தலையைக் கொஞ்சம் சரிக்கச் சொன்னார், அடக்கமாய்ச் சிரிக்கச் சொன்னார், கையில் பிளாஸ்டிக் ரோசா ஒன்றைத் தந்தார். அவள் ரோசாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைப் பொக்கெட்டுக்குள் விட்டு, கமராவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டப் பார்த்த நாளில் அவரையும் அப்படித்தான் பார்த்தாள்.

அந்தப் படம் ஆறடிப் பெனராகி நிற்கப்போன விற்பனைச் சந்தை ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து மண்டபம் ஒன்றில். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கென்று நடப்பது. அன்று அவளுக்கு ஒரேயொரு ஆள் முக்கியம். பம்பலப்பிட்டியில் உடுப்புக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. போனில் மட்டும் பேசிப் பழக்கம். நேரில் வந்து துணியையும் தையலையும் பார்த்து, பிடித்தால் தன் கடையில் தொங்கவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடையில் தொங்கினால் சாப்பாட்டு மேசைத் தொழில் உண்மையான தொழிலாகிவிடும்.

எனக்கு முக்கியமானவர்கள் வேறு. மரைன் டிரைவில் காலையில் என்னோடு நடக்கிற கூட்டாளிகள். நடப்பது கொஞ்சம், கதைப்பது மிச்சம். யாருடைய மகள் யாரோடு, யாருடைய மகனுக்கு எந்த நாட்டில் விசா மறுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பிழிந்து காயப்போடப்படும். அதில் அரைவாசியைக் காயப்போட்டவன் நான். இனி என் வீட்டுத் துணி கொடிக்கு வரப்போகிறது என்று நினைக்க எனக்கு வியர்த்தது. உன் பெண்சாதி நைட்டியோட நிக்கிறாளாமே என்று ஒருவரும் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவார்கள். அதுதான் மோசம்.

ஆகவே எனக்கு ஒரு யோசனை வந்தது. பதறும்போது எனக்கு யோசனைகள் அபாரமாக வரும். புதுத்தொழில் தொடங்கும் இடத்தில் பிள்ளையார் படம் வைத்து மாலை போடுவது வழக்கம். பிள்ளையார் படம் உள்ளங்கையளவு இருக்கட்டும். மாலை கொஞ்சம் பெரிதாக இருந்தால், மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் பெனரில் தொங்கவிடலாம். முகம் முழுக்க மறையாவிட்டாலும் அரைவாசி மறையும். மங்களகரமாகவும் இருக்கும், மானமும் மிஞ்சும்.

அன்று விடியக் கோயிலுக்குப் போய்விட்டு, வெள்ளைச் சேட்டும் வேட்டியும் திருநீறுமாகப் பூக்கடைக்குப் போனேன். நல்ல பருமனாய்ச் செவ்வந்தி மாலை ஒன்று வேண்டும் என்றேன். சாமிக்கா என்று பூக்கடைக்காரர் கேட்டார். படத்துக்கு என்றேன். அவர் முகம் இறங்கியது. கேட்காமலே விலையைக் குறைத்தார். மனுசன் நல்லவர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாலை ஞாபகத்தில் கண்ணாடியை மறந்துவிட்டேன். பெண்கள் போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி வேண்டும், அதைக் கொண்டுவருவது மட்டும்தான் எனக்குத் தந்திருந்த வேலை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே எடுத்துவருவதாக வீட்டுக்கு ஓட்டோ பிடித்துப் போனாள். கடைக்கார அம்மா வந்தால் இருத்திவைத்திருங்கோ என்று படியில் நின்று சொன்னாள்.

அவள் போனதும் வேலையைத் தொடங்கினேன். மாலையைப் பிள்ளையாருக்குப் போட்டால் பிள்ளையாரே தெரியவில்லை. கழற்றி முழுவதையும் பெனரில் போட்டேன். கழுத்திலிருந்து தொடங்கிக் கன்னம்வரை ஏறியது. கண்கள் மட்டும் பூவுக்கு மேலால் என்னையே பார்த்தன. மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள் என்பதால் பற்றரியில் துடிக்கும் விளக்கொன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதைப் படத்தின் காலடியில் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சனம் வந்தது. வந்தவர்கள் மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள். உரத்துக் கதைக்கவில்லை, விலை பேசவில்லை. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெனரின் வேலை இதுதான் போலும், ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று எனக்கே ஒரு பெருமிதம்.

பிறகு நான் பயந்துகொண்டிருந்த நடைக் கூட்டாளி வந்தான். கூட்டத்திலேயே வாய் பெரியவன். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டான்.

"மச்சான், மனசைத் தளரவிடாதே," என்றான்.

மனைவி நைட்டி விற்கிறாள் என்பதற்காக ஒரு மனிதனுக்கு இவ்வளவு இரக்கம் வருமா என்று எனக்குக் கண் கலங்கியது. என்ன செய்யிறது மச்சான், சொன்னாக் கேக்கிறாளா என்றேன். அவன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்குப் பின்னால் பம்பலப்பிட்டி அம்மா வந்தார். நல்ல சேலை, கையில் குடை. நைட்டி ஒன்றை எடுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்தார். பொக்கெட்டுக்குள் கையை விட்டு அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பெனரைப் பார்த்து, இவங்கதானா தைச்சவங்க என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன்.

"இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய யாராச்சும் இருக்காங்களா, சார்?"

அந்தக் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்துக்கு என் வெட்கம்தான் பொறுப்பு. இவருக்கும் சந்தேகம், இந்தத் தொழில் நிலைக்குமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். நான் நினைத்திருந்தால், ஓம் அம்மா, கண்ணாடி எடுக்கப் போயிருக்கிறா, இருங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சொன்னதும் அதைத்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சந்தேகம்தான் அம்மா. இதோட நிண்டுபோகும் போலத்தான் கிடக்கு."

அவர் தலையாட்டினார். நைட்டியைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டது மட்டும் எனக்குக் கொஞ்சம் புதினமாக இருந்தது.

அப்போதுதான் வாசலில் கண்ணாடி வந்தது. மனைவி அதைத் தனக்கு முன்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததால் அவள் தெரியவில்லை. கண்ணாடிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நடந்துவந்தன. கண்ணாடிக்குள் எங்கள் விற்பனை ஸ்டோல் முழுக்கத் தெரிந்தது. மாலை போட்ட படம். காலடியில் துடிக்கிற விளக்கு. பக்கத்தில் வெள்ளை வேட்டியும் திருநீறுமாகக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மனுசன்.

செத்தவீட்டில் நிற்கும் அந்த மனுசனைப் பார்த்து எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. பிறகுதான் அது நான் என்று கண்டேன்.

அவள் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்து ஸ்டோலில் ஊறுகாய் விற்ற பெண் அவளைப் பார்த்து ஒரு போத்தலைக் கைதவறவிட்டாள். மனைவி அதையெல்லாம் கவனிக்கவில்லை. மாலையைப் பார்த்தாள். அது எங்கிருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தாள்.

"அந்த அம்மா வந்தவவா?"

வந்தவ என்றேன். என்ன சொன்னவ என்று கேட்டாள். நான் பகிடி ஒன்றை எடுக்கப் பார்த்தேன். உமக்கு ஆயுசு கூட என்கிற மாதிரி ஏதோ. பாதியில் நின்றுவிட்டது. அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் செத்தாப் போடுங்கோ, வேணாமெண்டு சொல்லேல்ல. உயிரோட இருக்கேக்க ஏன் என்ர முகத்த மறைக்கிறீங்கள்?"

மாலையைப் பிடித்து இழுத்தேன். பூவைக் கோத்திருந்த கம்பி அறுந்து பூ முழுக்கக் கொட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலி வீதியில் ஓடினேன். அந்த அம்மா எங்கே போனார் என்று தெரியாது. பஸ் நிற்கும் இடத்தில் இல்லை. சந்தைப் பக்கம் இல்லை. கடைசியில் ஒரு சைவக் கடையில் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா, அவ உயிரோடதான் இருக்கிறா என்றேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"அப்ப மாலை?"

"மறைக்கப் போட்டனான்."

"எதை மறைக்க?"

இதற்கு என்னிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை. அவ முகத்த, எனக்கு வெட்கமாய் இருந்தது என்றேன். கொத்துரொட்டி போடுகிறவர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். மண்டபத்தில் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் தொழில் கதைத்தார்கள், நான் நிலத்தில் கிடந்த பூவைப் பொறுக்கினேன். சைஸ்களைக் கதைத்தார்கள், கறுப்பு நிறத்தில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அவர் பெனரைக் காட்டி, இதையும் குடுங்க, கடை வாசல்ல வைக்கணும் என்றார். காலி வீதியைப் பார்த்த வாசல். எல்லா பஸ்ஸும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பின்னேரம் ஸ்டோலைக் கட்டும்போது பெனரைச் சுருட்டப் பார்த்தேன். அடியில் இருக்கும் பெட்டிக்குள் தானாகச் சுருண்டு போகிற வகை அது. முழங்கால்வரை உள்ளே போனவள் அதற்குமேல் போக மறுத்தாள். மாலைக் கம்பித் துண்டு ஒன்று உள்ளே விழுந்து இறுகியிருந்தது. இழுத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். ஓட்டோக்காரர் பார்த்துவிட்டுத் தலையாட்டி, பே அய்யே, ஏலாது அண்ணே, என்று சிங்களத்தில் சொல்லிப் போய்விட்டார். கண்ணாடியை ஊறுகாய்க்காரி தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பெனரைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட வேறு வழியில்லை.

முகத்தை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். வெளியே வெள்ளை முதுகுதான் தெரிந்தது. மனைவி பக்கத்தில் பைகளோடு வந்தாள். நான் எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தாள். அவள் நடை கொஞ்சம் மெதுவாகியது.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் சேரும் முனையில் நடைக் கூட்டாளி எதிரே வந்தான். இரண்டு கையிலும் இடியப்பப் பார்சல்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியாதல்லவா. என் போனில் காலையிலிருந்து, அவன் எடுத்த படத்தோடு, கும்பிட்ட கைகள் வந்து குவிந்திருந்ததை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அவன் என் மனைவியைக் கண்டு, நின்று, வாயைத் திறந்து, திறந்தபடி விட்டான்.

அவள் அவனைக் கமராவைப் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

"அண்ணா, வீட்டில அக்காவுக்கு என்ன சைஸ்?"

அவன் பார்சல்களோடு கையைத் தூக்கி ஏதோ அளவு காட்டினான். எக்ஸ்எல் எடுத்து வைக்கிறன் என்றாள் அவள். பிறகு அவனுடைய கண் என் கைக்கு வந்தது, நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த வெள்ளை முதுகுக்கு. அது என்ன மச்சான் என்று கேட்டான். காலையில் இவனுக்குப் பயந்துதான் மாலை வாங்கினேன்.

பெனரை நிலத்தில் ஊன்றி மற்றப் பக்கம் திருப்பினேன். பாரம் ஒரு பக்கம் சரிந்தது. முகம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது, என்னுடையதைச் சொல்கிறேன். சந்தியில் நின்ற பஸ்ஸில் ஒரு பெண் ஜன்னலால் எட்டிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளுக்குப் பொக்கெட்டைக் காட்டினாள்.

"கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ, அவைக்குத் தெரியட்டும்," என்றாள் மனைவி.

உயர்த்திப் பிடித்தேன். பஸ் கிளம்பும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.